தொட்டிக்குள் ஒரு நீர்மட்டம்

துளசி மாடத்தில் ஆண்டுக்கணக்கில் தழைக்கும் துளசியை அதே முற்றத்து மண்ணோடு எடுத்துச் சிறு தொட்டியில் வைத்தால், சில வாரங்களில் இலை மஞ்சளித்து, தண்டின் அடி கறுத்துச் சாய்ந்துவிடுகிறது. செடி அதே, மண் அதே, ஊற்றும் தண்ணீரும் அதே. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. முற்றம் சிமெண்டுத் தளமாக மாறிய வீடுகளில் செடி வளர்க்கத் தொட்டியை விட்டால் வழியில்லை. அங்கெல்லாம் இந்தப் புதிர் எழுகிறது. ‘சத்து போதவில்லை’ என்பதே வழக்கமான விடை. எருவும் தண்ணீரும் கூடுகின்றன. செடி இன்னும் விரைவாகச் சாகிறது.

தொட்டிச் செடியைப் பொறுத்தவரை சத்துக்கு இரண்டாம் இடம்தான். மண்ணுக்குள் இருக்கும் வெற்றிடங்களின் அளவுக்கே முதலிடம். தொட்டிக்கு மண் தேர்வது என்றால் பெரிய துளைகள் எவ்வளவு, சிறிய துளைகள் எவ்வளவு என்று தேர்வதுதான்.

பாதி மண், பாதி வெற்றிடம்

ஒரு லிட்டர் தோட்ட மண்ணில் திடப்பொருள் ஏறக்குறைய அரை லிட்டர்தான். மீதி அரை லிட்டர் துகள்களுக்கு இடையிலுள்ள துளைகள். அவற்றில் நீரும் காற்றும் இடம் பங்கிட்டுக் கொள்கின்றன. நீர் கூடினால் காற்று குறையும். காற்று கூடினால் நீர் குறையும்.

துளைகளின் அளவைத் துகள்களின் அளவு தீர்மானிக்கிறது. மண்ணியலார் துகள்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள். 0.05 மில்லிமீட்டர் முதல் 2 மில்லிமீட்டர் வரை உள்ளது மணல். 0.002 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை உள்ளது வண்டல். அதற்கும் சிறியது களி. களிமண்ணில் துளைகளின் மொத்தக் கொள்ளளவு மணலைவிடக் குறைவன்று. பல நேரம் அதிகமே. ஆனால் ஒவ்வொரு துளையும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது.

கையிலுள்ள மண் எந்த வகை என்று அறிய ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும். மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி தண்ணீரும் விட்டு நன்றாகக் குலுக்கி அசையாமல் வைக்க வேண்டும். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் அதன்மேல் சில மணி நேரத்தில் படியும். களி படிய ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அதுவரை தண்ணீர் கலங்கியே இருக்கும். காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஏரிப் படுகையின் களிமண், மேட்டு நிலத்துச் செம்மண், பாலாறும் வேகவதியும் கொண்டுவந்த மணல் ஆகிய மூன்றும் சில மைல் தொலைவுக்குள் கிடைக்கின்றன. ஏரி வண்டலை உழவர்கள் வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்பதைப் பார்த்து அதுவே தொட்டிக்கும் சிறந்தது என்று நினைப்பது இயல்பு. வயலுக்கு உதவும் அந்த மண் தொட்டிக்கு ஏன் உதவாது என்பதற்கு நீரின் நடத்தையில் விடை இருக்கிறது.

நீரைப் பிடித்து நிறுத்தும் விசை

நீர் எப்போதும் கீழ்நோக்கியே ஓடும் என்பது ஆற்றுக்குச் சரி. மண்துளைக்கு முழுவதும் சரியன்று. பட்டு நூலின் ஒரு முனையைச் சாயத்தில் நனைத்தால் சாயம் நூலில் மேலே ஏறுவதைக் காணலாம். நீரின் மூலக்கூறுகள் தம்மைச் சுற்றியுள்ள பரப்பில் ஒட்டிக்கொண்டு, ஒன்றையொன்று இழுத்தபடி ஒடுங்கிய இடைவெளிகளில் ஏறுகின்றன. இது தந்துகிக் கவர்ச்சி எனப்படுகிறது. ஒடுங்கிய இடைவெளிகள் நீரைத் தம்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் ஆற்றல் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

காய்ந்த மணலை உருட்டி உருவம் செய்ய முடியாது. நீர் மிகுந்தால் அது வழிந்தோடும். ஈரம் அளவாக இருக்கும்போது மட்டும் மணிகளுக்கு இடையில் உள்ள நீர்ப்படலங்கள் அவற்றை இழுத்துச் சேர்த்து நிறுத்துகின்றன. ஐம்பூதத் தலங்களில் நிலத்துக்குரியதான ஏகாம்பரநாதர் கோயிலின் தலபுராணம், அம்மை கம்பா நதிக்கரை மணலால் இலிங்கம் பிடித்து வழிபட்டதாகச் சொல்கிறது. ஆற்றங்கரை ஈரமணலில் எதையும் பிடித்து வைக்க முடிவது இந்தக் கவர்ச்சியால்தான்.

துளை எவ்வளவு சிறியதோ, நீரை அவ்வளவு உயரம் தாங்கி நிறுத்தும். 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் உயர நீரைத் தாங்கும். அரை மில்லிமீட்டர் துளை 6 சென்டிமீட்டரும், 0.1 மில்லிமீட்டர் துளை 30 சென்டிமீட்டரும் தாங்கும். துளை பாதியானால் உயரம் இரட்டிக்கிறது. தொட்டி மண்ணைப் பற்றிய முடிவுகள் பலவும் இந்த மூன்று எண்களிலிருந்து பிறக்கின்றன.

தொட்டியின் அடியில் நடப்பது

ஐப்பசி, கார்த்திகை மழையில் காஞ்சிபுரத்துக் குழித்தறிகளின் குழிக்குள் நீர் ஊறி, நெசவு நின்றுபோவதுண்டு. தரைக்கு அடியிலுள்ள நீர்மட்டம் குழியின் அளவுக்கு உயர்ந்துவிடுவதே காரணம். மழை விட்டபின் அந்த மட்டம் இறங்கிப் பல அடி ஆழத்துக்குப் போய்விடும். தரையில் நிற்கும் செடியின் வேருக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் பெரும்பாலும் இந்த ஆழம் இருக்கிறது. மேல்மண்ணில் பெய்த நீரை அடிமண் தொடர்ந்து கீழே இழுத்துக்கொள்கிறது.

தொட்டிக்கு அடிமண் இல்லை. கீழே இறங்கும் நீர் அடித்துளையை அடையும்போது அங்கே மண் முடிந்து வெறுங்காற்று தொடங்குகிறது. சிறிய துளைகளில் பிடிபட்டிருக்கும் நீர் அவற்றை விட்டுக் காற்றுவெளியில் விழ மறுக்கிறது. அதற்கு மேலிருந்து போதிய பளு அழுத்த வேண்டும். மேலேயுள்ள நீரின் உயரம் அந்தத் துளை தாங்கும் அளவைத் தாண்டும்வரைதான் சொட்டும், பிறகு நின்றுவிடும். தண்ணீர் வடிந்துவிட்டது என்று தோன்றும்போதும் தொட்டியின் அடியில் ஓர் அடுக்கு முழுக்க நீர் நிறைந்தே இருக்கிறது. அதைத் தங்குநீர் அடுக்கு எனலாம்.

சமையலறைப் பஞ்சு ஒன்றால் இதைக் கண்முன் காட்ட முடியும். செவ்வகமான பஞ்சை நீரில் முழுக நனைத்து, படுக்கை வாட்டில் உள்ளங்கையில் பிடித்தால் கொஞ்சம் சொட்டி நின்றுவிடும். பிறகு அதை நீள வாட்டில் நிமிர்த்தினால் மறுபடி நீர் கொட்டும். பஞ்சு அதே, அதன் துளைகள் அதே. உயரம் மட்டும் மாறியது. தங்குநீர் அடுக்கின் கனத்தைத் துளையின் அளவு தீர்மானிக்கிறது. தொட்டியின் உயரம் அதை மாற்றுவதில்லை. ஆகவே உயரமான தொட்டியில் அடுக்குக்கு மேல் காற்றுள்ள பகுதி கூடுகிறது. குட்டைத் தொட்டியில் அது சுருங்குகிறது.

துளசியின் புதிர் இங்கே அவிழ்கிறது. மண்ணின் துளைகள் சராசரியாக அரை மில்லிமீட்டர் என்று எளிமையாகக் கொண்டால் தங்குநீர் அடுக்கு 6 சென்டிமீட்டர். 72 சென்டிமீட்டர் மண் நிரம்பிய மாடத்தில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. மாடத்தின் அடி திறந்து தரை மண்ணோடு சேர்ந்திருந்தால் அதுவும் இராது. 18 சென்டிமீட்டர் மண் உள்ள தொட்டியில் அது மூன்றில் ஒரு பங்கு. 9 சென்டிமீட்டர் மண் உள்ள சிறு தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கு. களி மிகுந்து, துளைகள் 0.1 மில்லிமீட்டருக்கு இறங்கினால், 18 சென்டிமீட்டர் தொட்டி மேலிருந்து அடிவரை நீரில் ஊறிக் கிடக்கும்.

அடியில் போடும் கல்

தொட்டியின் அடியில் கூழாங்கல்லோ செங்கல் துண்டோ பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. மேலுள்ள மண்ணின் சிறு துளைகள் நீரை வலுவாகப் பிடித்திருக்கின்றன. கல்லுக்கு இடையிலுள்ள பெரிய துளைகளுக்கு அதை இழுக்கும் வலு இல்லை. எனவே நீர் கல்லின் தலைமேல் நின்றுவிடுகிறது. தங்குநீர் அடுக்கு அதே கனத்தோடு மேலே ஏறிவிடுகிறது. 18 சென்டிமீட்டர் தொட்டியில் 5 சென்டிமீட்டர் கல் போட்டால் மண்ணுக்கு 13 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். அதில் 6 சென்டிமீட்டர் நீர். வேருக்குக் காற்றுள்ள மண் 7 சென்டிமீட்டர். கல்லே போடாவிட்டால் அது 12 சென்டிமீட்டராக இருந்திருக்கும். மண் வெளியே கொட்டாமலிருக்க அடித்துளையின்மேல் ஓர் ஓட்டுச் சில்லோ வலைத்துண்டோ போதும். நீரை வடிக்கக் கல்லைப் பயன்படுத்த வேண்டுமானால், அதை அடியில் பரப்பாமல் மண் முழுவதிலும் கலக்க வேண்டும்.

வேரின் மூச்சு

வேரும் மூச்சு விடுகிறது. இலையில் உருவான சர்க்கரையை வேர்ச்செல்கள் ஆக்சிஜனின் துணையோடு எரித்துத்தான் நீரையும் உப்புகளையும் உறிஞ்சுவதற்கான ஆற்றலைப் பெறுகின்றன. ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரில் அது ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. துளைகளெல்லாம் நீரால் அடைபட்டால், உள்ளே இருந்த ஆக்சிஜனை வேரும் நுண்ணுயிரிகளும் விரைவில் தீர்த்துவிடும். வெளியிலிருந்து புதிது வந்து சேராது. வேர்நுனிகள் சாகின்றன. பித்தியம் போன்ற அழுகல் நோய்க்கிருமிகள் அந்த ஈரத்தில் பெருகித் தண்டடிக்கு ஏறுகின்றன.

வேர் செத்த செடியால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே நீருக்குள் நின்றுகொண்டே இலை வாடுகிறது. வாட்டத்தைக் கண்டு மேலும் தண்ணீர் ஊற்றுவதில்தான் வீட்டுச் செடிகள் பல மடிகின்றன. நீர் முழுதும் வடிந்தபின் கலவையின் கொள்ளளவில் 10 முதல் 20 விழுக்காடு காற்றாக இருந்தால் பெரும்பாலான வீட்டுச் செடிகள் நன்றாக வாழும். இந்த அளவுக்குக் காற்றிடம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

கலவையின் உறுப்புகள்

தொட்டிக்கென்று தனிக் கலவை வேண்டும் என்ற எண்ணம் அறிவியல் முறையில் வடிவம் பெற்றது 1930களில். இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் வில்லியம் லாரன்ஸும் ஜே. நியூவெல்லும் 7 பங்கு தோட்ட மண், 3 பங்கு பீட், 2 பங்கு பருமணல் என்ற கலவையை உருவாக்கினார்கள். 1957இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கையேடு, தோட்ட மண்ணையே விட்டுவிட்டு மணலும் பீட்டும் மட்டும் கொண்ட கலவைகளை முன்வைத்தது. பீட் என்பது குளிர்நாட்டுச் சதுப்புகளில் பாசி மக்கி உருவாவது; ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளர்வது. தமிழ்நாட்டில் அதன் இடத்தைத் தென்னை நார்க்கழிவு பிடித்துக்கொண்டது. கடைகளில் அதற்குக் கோகோபீட் என்று பெயர்.

நார்க்கழிவு தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடிக்கும். பெரிய துளைகளும் இருப்பதால் காற்றையும் விட்டுவைக்கும். 650 கிராம் கட்டி ஒன்று ஊறினால் ஏறக்குறைய 8 லிட்டர் அளவுக்கு விரியும். அதில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று உப்பு: மட்டையை உப்புநீரில் ஊறவைத்திருந்தால் சோடியமும் குளோரைடும் தங்கியிருக்கும். அதனால் இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிப் பிழிய வேண்டும். மற்றொன்று, பச்சைக் கழிவில் கரிமத்துக்கு ஈடான தழைச்சத்து இல்லை. மக்க வைக்கும் நுண்ணுயிரிகள் செடிக்கு உரிய தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு வழி கண்டது. ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காகச் சேர்த்து மக்க வைக்கும் அந்த முறையில், கரிமமும் தழைச்சத்தும் 112க்கு 1 என்றிருந்த விகிதம் 24க்கு 1 ஆக இறங்குகிறது.

மற்ற உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செம்மண் கனத்தையும் சத்தைப் பிடித்துவைக்கும் களியையும் தரும். வேர் பற்றிக்கொள்ள உதவும். மண்புழு உரமும் நன்கு மக்கிய தொழு உரமும் உணவு. கலவையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டினால் அவற்றின் நுண்துகள்களே துளைகளை அடைக்கும். பருமணல், செங்கல் சிறுதுண்டு, மரக்கரித்துண்டு ஆகியவை பெரிய துளைகளுக்காக. உமிக்கரியும் கலவையை இலகுவாக்கிக் காற்றைச் சேர்க்கும். பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடியைச் சூட்டில் பொரித்து எடுத்த வெண்ணிற மணி. எடையே இல்லாதது போல் இருக்கும். வெர்மிகுலைட் நீரையும் சத்தையும் பிடிப்பது. அரசு நிறுவனமான டாமின் திருப்பத்தூர்ப் பகுதியில் அதை வெட்டி எடுக்கிறது.

மணல் என்று கேட்டு வாங்குவதில் ஒரு கண்ணி இருக்கிறது. பூச்சு வேலைக்கான மென்மணலும் சலிக்காத எம்-சாண்டும் நுண்தூள் நிறைந்தவை. ஒரே அளவுத் துகள்களுக்கு இடையிலான துளை, துகளின் விட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளை வேண்டுமானால் துகள் 2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆகவே மணலைச் சலித்து, சல்லடையில் தங்கும் பொடிக்கல்லைக் கழுவி எடுத்துக்கொள்வதே முறை. களிமண்ணில் ஒரு பிடி மணல் கலப்பதாலும் பயன் இல்லை. மணிகள் தனித்தனியே களிக்குள் மிதக்கும், துளை பெருகாது. மணிகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் அளவுக்குச் சேர்த்தால்தான் அவற்றுக்கிடையே காற்று நுழையும்.

ஒரு தொட்டியின் கணக்கு

கலவை சரியா என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. செடி வைக்கப்போகும் தொட்டியும் ஓர் அளவுக் குவளையும் போதும். சோதனையை அதே தொட்டியில் செய்ய வேண்டும். உயரம் மாறினால் விடையும் மாறும்.

முதலில் அடித்துளையை நாடாவால் ஒட்டி, மண் நிரப்பும் அளவுவரை நீர் ஊற்றி அளக்க வேண்டும். அது 3 லிட்டர் என்று கொள்வோம். நீரைக் கொட்டிவிட்டு, இலேசாக ஈரப்படுத்திய கலவையை அதே அளவுக்கு நிரப்பி, தொட்டியைத் தரையில் இரண்டு முறை தட்ட வேண்டும். பிறகு மேற்பரப்பு மினுங்கும்வரை மெல்ல நீர் ஊற்றி, உள்ளிருக்கும் காற்றுக் குமிழ்கள் வெளியேற ஒரு மணி நேரம் விட வேண்டும். கடைசியாகத் தொட்டியை ஒரு பாத்திரத்தின்மேல் உயர்த்தி வைத்து நாடாவைப் பிரித்து, சொட்டு நிற்கும்வரை விழும் நீரை அளக்க வேண்டும். வெளியேறிய நீரின் இடத்தில் இப்போது காற்று இருக்கிறது, அதுவே காற்றிடம்.

முற்றத்து மண்ணில் 120 மில்லிலிட்டர் வடிந்ததாகக் கொள்வோம். 3,000இல் 120 என்பது 4 விழுக்காடு. வேர் மூச்சுத் திணறும். அடுத்து, நாற்றுப் பண்ணைகளில் பழகிய கலவை: செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, தொழு உரம் 1 பங்கு. அதில் 240 மில்லிலிட்டர் வந்தால் 8 விழுக்காடு. உயரமான நாற்றுப் பையில், மண் தரைமேல் நிற்கும் கன்றுக்கு அது போதுமானது. வீட்டுக்குள் இருக்கும் தொட்டிக்குப் பற்றாது. மூன்றாவது, செம்மண் 1, அலசிய நார்க்கழிவு 2, பொடிக்கல் 1, மண்புழு உரம் 1. அதில் 450 மில்லிலிட்டர் வடிந்தால் 15 விழுக்காடு. இது வேண்டிய எல்லைக்குள் வருகிறது. அளவு குறைந்தால் பொடிக்கல்லையும், 20ஐத் தாண்டினால் நார்க்கழிவையும் சிறிது கூட்டி மறுபடி அளக்கலாம்.

அளந்து கலப்பதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் செங்கல் துண்டும் அரை லிட்டர் மண்ணும் சேர்ந்தால் ஒன்றரை லிட்டர் ஆகாது. ஒரு லிட்டரைச் சற்றே தாண்டும். மண் துண்டுகளின் இடுக்கில் புகுந்துகொள்கிறது. காணாமற்போன கொள்ளளவு அத்தனையும் இழந்த காற்றிடம். சேர்க்கும் பொருள்களின் அளவு ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் இந்த இழப்பு குறையும்.

செடிக்கேற்ற கலவை

மேற்சொன்ன மூன்றாம் கலவையைத் துளசி, குரோட்டன், பெரணி போன்றவற்றுக்கு அடிப்படையாகக் கொள்ளலாம். பெரணிக்கு நார்க்கழிவு சற்றுக் கூடலாம். மணி பிளான்ட் காடுகளில் மரத்தைப் பற்றி ஏறும் கொடி. அதற்குச் செம்மண்ணைக் குறைத்து, கரித்துண்டும் பெர்லைட்டும் கூட்டினால் வேர் நன்றாக ஓடும். சோற்றுக் கற்றாழையும் பாம்புக் கற்றாழையும் தம் உடலிலேயே நீரைச் சேமிப்பவை. அவற்றுக்குப் பொடிக்கல்லோ செங்கல் துண்டோ 3 பங்கு, செம்மண் 1, உரம் 1 என்பது பொருத்தம். மரத்தில் தொற்றி வளரும் ஆர்கிட் வகைகளுக்கு மண்ணே கூடாது. கரித்துண்டு, ஓட்டுச் சில்லு, தென்னை மட்டைத் துண்டு போதும். ஆழமற்ற தட்டில் வளரும் போன்சாய்க்குச் சில மில்லிமீட்டர் பருமனுள்ள மணிகளையே பயன்படுத்துவதற்கும் காரணம் உயரக் குறைவுதான்.

தொட்டியின் பொருளும் கணக்கில் சேரும். சுட்ட மண் தொட்டியின் சுவர் வழியே நீர் ஆவியாகும். பிளாஸ்டிக் தொட்டியில் மேற்பரப்பும் இலையும்தான் வழி. பிளாஸ்டிக் தொட்டிக்குக் கலவை இன்னும் பரும்படியாக இருக்க வேண்டும். அடித்தட்டில் நீரைத் தேங்கவிட்டால் தங்குநீர் அடுக்கு அந்த அளவுக்கு உயரும்.

காஞ்சிபுரத்தின் ஆண்டு இரு கூறாகப் பிரிகிறது. சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும்போது தொட்டி ஒரே நாளில் காயும். வடகிழக்குப் பருவமழையில் வீட்டுக்குள் நாட்கணக்கில் ஈரம் நிற்கும். கலவையை மழைக்காலத்துக்கு ஏற்றபடி பரும்படியாக அமைத்துவிட்டு, கோடையில் அடிக்கடி நீர் ஊற்றுவதே பாதுகாப்பு. காய்ந்த கலவைக்கு நீரைக் கூட்டுவது எளிது; ஊறிய கலவைக்குக் காற்றைக் கூட்ட வழியில்லை.

உப்பும் முதுமையும்

ஆழ்குழாய் நீரில் கரைந்த உப்புகள் நீர் ஆவியான பிறகும் தொட்டியிலேயே தங்கும். மண் தொட்டியின் வெளிச்சுவரில் பூக்கும் வெள்ளைப் படிவு அதன் அடையாளம். மழைநாட்களில் தொட்டியை வெளியே வைத்து, அடித்துளை வழியே நீர் தாராளமாக ஓடும்வரை நனையவிட்டால் உப்பு பெரும்பாலும் கழுவப்படும்.

கலவைக்கும் வயதாகிறது. நார்க்கழிவும் உரமும் மக்கித் தூளாகி, இரண்டு ஆண்டுக்குள் மண் மட்டம் தாழும். மட்டம் தாழ்ந்த அளவு, துளைகள் நொறுங்கிய அளவையே காட்டுகிறது. மேலே புது மண் போட்டு நிரப்பினால் கீழே உள்ள நெரிசல் தீராது. செடியை வெளியே எடுத்து, அழுகிய வேரை நறுக்கி, புதுக் கலவையில் வைக்க வேண்டும். கோடையின் உச்சம் தணிந்த ஆடி, ஆவணி அதற்கு ஏற்ற காலம். வேர் ஊன்றிக்கொண்ட பின்னரே பெருமழை வரும். பழைய கலவையை வீசிவிட வேண்டியதில்லை. உலர்த்திச் சலித்து, தூளைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, கல்லையும் கரியையும் கழுவி அடுத்த தொட்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடையில் விற்கும் ஆயத்தக் கலவைக்கும் இதே அளவுகோல்தான். பையின்மேல் அச்சிட்ட சத்துப் பட்டியலைவிட, அதிலுள்ள பொருள்களின் பெயரும் பருமனும் முக்கியம். நார்க்கழிவும் உரமும் மட்டுமே இருந்தால் அது தொடக்கத்தில் நன்றாக வடிந்து, ஓராண்டில் இறுகிவிடும். ஐந்தில் ஒரு பங்காவது மக்காத பருமனான துகள்களைச் சேர்த்துக்கொள்வது நல்லது. வடிகால் சோதனையில் காற்றிடம் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், அந்தக் கலவை எவ்வளவு சத்துள்ளதாக இருந்தாலும் தொட்டிக்கு உரியதன்று.